‘நெல் இல்லை’ என்று சொன்ன தராசு

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைக் கண்டால் கை அரிக்கும். யாருமே முறைப்பாடு செய்யாத இடத்தில்தான் எங்களுக்குப் பெரிய வேலை காத்திருப்பதாகத் தோன்றும். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு நெல் ஆலையின் தராசு, அறுவடைக் காலத்தின் முதல் நாளில், கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே ஊர் கேட்க ‘நெல் இல்லை’ என்று அறிவித்தது. அப்படிச் சொல்ல வைத்தது நான். (தராசு தானாகச் சொன்னது என்று கொஞ்ச நேரம் சாதித்துப் பார்த்தேன். எடுபடவில்லை.)

அப்போதுதான் படிப்பை முடித்து, மட்டக்களப்பு டவுனில் ஜெகன் அண்ணாவின் மென்பொருள் கம்பனியில் சேர்ந்திருந்தேன். கம்பனி என்றால் ஒரு கடைக்கு மேலே ஓர் அறை, அவர், நான், நினைத்த நேரம் நின்றுவிடும் ஒரு மின்விசிறி. எங்களுக்கு வாய்த்த ஒரேயொரு பெரிய வாடிக்கையாளர் யோகராசா முதலாளி. அவருடைய ஆலையில்தான் எங்கள் பேசும் தராசு இருந்தது.

தராசின் மேல் வெறும் சாக்கை நிறுத்தி நெல்லை அள்ளிக் கொட்டுவார்கள். அந்தத் தூசிக்குள் திரையைப் பார்க்க யாருக்கும் கண் திறக்காது. ஆகவே சரியான நிறை வந்ததும் தராசோடு இணைத்த கணினி வாய் திறந்து “பொலி!” என்று சொல்லும். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் இருவர் சாக்கைத் தூக்கி அப்பால் வைப்பார்கள். அவ்வளவுதான் எங்கள் மென்பொருள்.

ஏன் பொலி? எங்கள் பக்கத்தில் நெல் அளக்கிற இடத்தில் ‘முடிந்தது’, ‘இல்லை’, ‘போதும்’ போன்ற சொற்கள் வாயில் வரக் கூடாது. நெல் கேட்டுக்கொண்டிருக்கும். கோபித்துக்கொண்டு போய்விடும். வட்டை என்று நாங்கள் சொல்கிற வயல்வெளிகளுக்குள் இப்போது வெட்டு மெஷின்தான் இறங்குகிறது என்றாலும், இந்தப் பேச்சு வழக்கத்தை எந்த மெஷினும் வெட்டவில்லை. ‘பெருகட்டும்’ என்று வாழ்த்துகிற அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றுக்கும்: நிறைந்தாலும் பொலி, தீர்ந்தாலும் பொலி.

தராசுக்குள் இருந்த குரல் முதலாளியின் மனைவி பாக்கியம் அன்ரியுடையது. நான் சேருவதற்கு முன்பே ஜெகன் அண்ணா தன் போனில் பதிந்தது. அன்ரி சமையலுக்கு நடுவே வீட்டுக் குசினி வாசலில் நின்று “பொலி” என்கிறார். பின்னால் ஒரு சேவல் கூவுகிறது. ஒவ்வொரு சாக்குக்கும் அன்ரி, ஒவ்வொரு அன்ரிக்கும் ஒரு சேவல்.

எனக்கு அந்தச் சேவல் பிடிக்கவில்லை.

உலகத் தரமான மென்பொருளில் சேவல் கூவுமா? கூவாது. ஆகவே இரண்டாம் பதிப்பு எழுதினேன். அன்ரியையும் சேவலையும் அழித்துவிட்டு, செய்தி வாசிப்பவரைப் போன்ற ஒரு கணினிக் குரலைப் போட்டேன். ‘பொலி’ என்பது எல்லா ஊருக்கும் விளங்காது என்று (எல்லா ஊரும் எங்கள் மென்பொருளை வாங்கக் காத்திருந்தன அல்லவா?) தூய தமிழில் முழு வாக்கியமாக மாற்றினேன். முதல் பதிப்பில் தராசு வெறுமையாக இருந்தால் கணினி சும்மா இருக்கும். சும்மா இருப்பது எனக்கு அவமானமாகப்பட்டது. வெறுமையாக இருப்பதையும் அறிவிக்கச் சொல்லி ஒரு வசதி சேர்த்தேன். அதில் எனக்குத் தனிப் பெருமை.

“அன்ரியாக்களுக்குச் சொல்லிட்டியா புள்ள?” என்று ஜெகன் அண்ணா கேட்டார்.

“என்னத்த அண்ணா?”

“குரல் மாறுற விசயத்த.”

“மெசேஜ் ஒண்டு போட்டிரிக்கன். மறுகா விளக்கமாச் சொல்லுவம்.”

(‘பிறகு’ என்பதற்கு நாங்கள் சொல்லும் இந்த ‘மறுகா’வுக்கு எல்லை கிடையாது. இன்று பின்னேரமும் மறுகாதான், அடுத்த பிறவியும் மறுகாதான்.)

நான் போட்ட மெசேஜ் இது: ‘புதிய பதிப்பு தானாக இறங்கும். சில சிறு திருத்தங்களும் மேம்பாடுகளும் செய்யப்பட்டுள்ளன.’ அன்ரியை அழித்தது சிறு திருத்தம். பொலியை எடுத்தது மேம்பாடு. உண்மையைச் சொன்னால், விளக்கமாகச் சொல்ல நான் விரும்பவேயில்லை. முதல் நெல் நிறுக்கிற காலையில் எல்லோரும் வாயைப் பிளக்க வேண்டும். சர்ப்ரைஸ்!

வாயைப் பிளந்தார்கள்.

அன்று காலை நாவற்குடாவிலிருந்து பஸ் ஏறி, இருக்கிற ஒரே பட்டுச் சாறியோடு போய் இறங்கினேன். ஆலை வாசலில் நிறைகுடம், பொங்கல், வாழைப்பழம். தராசுக்குச் சந்தனப் பொட்டு. நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீதி வரை நின்றன. முதல் நாள் எந்த ஆலைக்கு வண்டி திரும்புகிறதோ, அந்தப் போகம் முழுக்க அங்கேதான் திரும்பும். அதனால் முதலாளி விடியலிலிருந்தே வாசலில் நின்று எல்லோரையும் பெயர் சொல்லி வரவேற்றுக்கொண்டிருந்தார். தராசின் குரல் வீதிக்கும் கேட்கட்டும் என்று திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் ஒன்றை மாமரத்தில் கட்டியிருந்தார். பாக்கியம் அன்ரி தன் போனைத் தராசை நோக்கிப் பிடித்திருந்தார். போனுக்குள் கனடாவில் இருக்கும் தங்கை. அக்காவின் குரலில் தராசு பேசுவதைக் கேட்பதற்காகவே நித்திரை முழித்துக் காத்திருந்தவர்.

முதலாளி கற்பூரம் காட்டினார். கும்பிட்டோம். கணினியைப் போட்டார்கள். தராசில் இன்னும் எதுவும் வைக்கவில்லை.

“தராசில் நெல் இல்லை,” என்றது மாமரம்.

எல்லோரும் கும்பிட்ட கையோடு அப்படியே நின்றார்கள்.

“தராசில் நெல் இல்லை.” (சில விநாடிகளுக்கு ஒருமுறை சொல்லும்படி வைத்திருந்தேன். அறிவிப்பு யாருக்கும் தவறிவிடக் கூடாதல்லவா?)

“ஆருகா இவ?” என்றார் பாக்கியம் அன்ரி. “என்ட வாசல்ல நிண்டு நெல் இல்லையெண்டு சொல்ற பொம்புள ஆருகா?”

போனுக்குள்ளிருந்து தங்கை கத்தினார்: “அக்கா! உனக்குக் குரல் நல்லா இளமையாகிட்டு!”

அன்ரி போனைப் பட்டென்று அணைத்தார்.

யாரோ ஒருவர் அவசரமாகச் சாக்கைத் தராசில் நிறுத்தி நெல்லைக் கொட்டத் தொடங்கினார். நிறை வந்தது. “தங்களது மூடையின் கொள்ளளவு வெற்றிகரமாக நிறைவடைந்து முடிந்தது,” என்று குரல் நிதானமாக வாசித்தது. கொட்டுகிறவர்கள் ‘பொலி’க்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, கொட்டிக்கொண்டேயிருந்தார்கள். சாக்கு நிறைந்து, வழிந்து, அவர்களுடைய கால்கள் நெல்லுக்குள் மறைந்தன. என் செருப்பும்தான்.

வீதியில் நின்றவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. அவர்களுக்குக் கேட்டது இரண்டே விசயம்: நெல் இல்லை, முடிந்தது. வரிசையின் கடைசி வண்டியில் இருந்த தவராசா அண்ணன் எழும்பி நின்று சத்தம் போட்டார்.

“நெல் எடுக்கிற முடிஞ்சுதாம் டோய்! கிறுக்கு வண்டிய! மத்த மில்லுக்குப் போவம்!”

ஒரு வண்டி கிறுகி வந்த வழியே திரும்பியது. அதைப் பார்த்து அடுத்தது. முதலாளி வாசலுக்கு ஓடிப் போய்க் கையைக் காட்டினார். வண்டிச் சத்தத்தில் அவர் டாட்டா காட்டுவதாக நினைத்து அவர்களும் டாட்டா காட்டினார்கள். திரும்பி வந்தவர் என்னைப் பார்த்தார். ஏசவில்லை. “புள்ள, என்ட போகம் போகுது,” என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பழைய பதிப்பைத் திரும்பப் போடலாம் என்று கணினியில் பாய்ந்தேன். பழைய குரல் எங்கும் இல்லை. சுத்தமாக வேலை செய்கிறவள் என்று சுத்தமாகவே அழித்திருந்தேன். ஜெகன் அண்ணாவின் போனோ எப்போதோ வாவிக்குள் விழுந்து, இறால்களோடு வாழ்ந்துகொண்டிருந்தது.

“அன்ரி, ஒரேயொரு தரம் பொலி எண்டு சொல்லுங்க. இப்பவே பதிஞ்சிடுவன்.”

“என்னைய என்னத்துக்குக் கேக்காய்? அந்த நியூஸ் வாசிக்கிறவவக் கேளு.”

வேறு வழியில்லை. கணினியின் வாயை அடைத்துவிட்டு, ஸ்பீக்கர்காரரின் மைக்கைப் பறித்தேன். சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரை தெரியும்படி நெல் மூடைகளின் மேல் ஏறி நின்று கத்தினேன்: “நெல் எடுக்கிறம்! எல்லாரும் வாங்க! பொலி! பொலி! பொலியோ பொலி!”

மாமரம் அதிர்ந்தது. வீதியில் ஒரு வண்டி நின்றது. தவராசா அண்ணன் கழுத்தைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு தராசு நான்தான். திரையைப் பார்ப்பேன், நிறை வந்ததும் “பொலி!” என்பேன், சாக்கு போகும். பாரம் கூடினால் “கொஞ்சம் பொறுங்க!” என்பேன், கீழே வைத்து நெல்லைக் குறைப்பார்கள். முதலில் வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு நான் ஒரு பொலி சொன்னால் அவர்கள் ஒன்பது பொலி திருப்பிச் சொன்னார்கள். கிறுகிப் போன வண்டிகள், ‘அங்க ஒரு புள்ள சாறியோட மூடைக்கு மேல நிண்டு கத்துதாம்’ என்று கேள்விப்பட்டு, வேடிக்கை பார்க்க வந்து, நெல்லையும் இறக்கிவிட்டுப் போயின. இப்படி ஒரு கலகலப்பான முதல் நாளை அந்த ஆலை கண்டதில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். பின்னேரம் ஆகும்போது என் தொண்டையிலிருந்து வந்தது குரலே அல்ல, காகம்.

“தராசு நல்லாத்தான் கதைக்குது,” என்றார் தவராசா அண்ணன், தன் கடைசிச் சாக்கை இறக்கியபடி. “என்ன, சளி புடிச்சிரிக்கு.”

பாக்கியம் அன்ரி கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்து என் கையில் திணித்தார்.

“குடி. கேக்கக் காது கூசுது.”

“அன்ரி, பெரிய பிழை விட்டிட்டன்.”

“மாத்தினதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. உன்ட சாமான், நீ மாத்துவாய். ஆனா நான் அதுக்குள்ள இரிந்தன் புள்ள. என்னைய எடுக்கக்குள்ள எனக்கு ஒரு சொல் சொல்லியிரிந்தா, தங்கச்சிக்கு இன்னொரு நாளைக்கு எண்டாவது சொல்லியிரிப்பனே.”

எனக்குச் சிறு திருத்தமாகத் தெரிந்தது, பயன்படுத்துகிறவரின் காலையாக இருக்கிறது. அவருடைய போகமாக இருக்கிறது. கனடாவில் முழித்திருக்கிற தங்கையாக இருக்கிறது. மென்பொருளை விற்றவுடன் அது எங்களுடையது மட்டும் அல்ல. அதை நம்பி ஆட்கள் கையையும் காதையும் பழக்கி வைத்திருக்கிறார்கள். உடையப் போகிறது என்றால், உடைவதற்கு முன்பே, அவர்களுக்கு விளங்குகிற சொல்லில் சொல்லிவிட வேண்டும். அதனால் இன்று எங்கள் கம்பனி மெசேஜ்களில் முதல் வரி எப்போதும் ‘இதை எடுக்கப் போகிறோம்’ என்றுதான் தொடங்கும். புதிதாகக் கிடைப்பதைப் பற்றிய பீற்றல் எல்லாம் அதற்குக் கீழேதான். மெசேஜ் போட்ட பிறகு போனும் எடுப்போம். ‘வேண்டாம், பழையதே கிடக்கட்டும்’ என்றால் கிடக்க விடுவோம்.

அன்ரி மறுபடி குரல் தரச் சம்மதித்தார், நிபந்தனைகளோடு. சேவலும் இருக்க வேண்டும். (அந்தச் சேவல் என்னைப் பழிவாங்கியது. நானும் ஜெகன் அண்ணாவும் குசினி வாசலில் காத்துக்கிடக்க, போனை நீட்டினால் வாயை மூடிக்கொண்டு மேய்ந்தது.) அடுத்த நிபந்தனைதான் என் தலையெழுத்தை மாற்றியது: “நல்ல சொல்லெல்லாம் நான் சொல்லுவன். பிழை வந்தா சொல்றதெல்லாம் நீ சொல்லு. இப்ப இரிக்கிற அதே தொண்டையால.”

அப்படியே பதிந்தோம். பேசும் தராசை இப்போது வேறு ஆலைகளும் வாங்கிவிட்டன. நிறை சரியென்றால் பாக்கியம் அன்ரி. பாரம் கூடினால், கரகரத்த காகக் குரலில் நான்: “கொஞ்சம் பொறுங்க!”

வீட்டில் அம்மாவுக்கு இது பெரிய கொண்டாட்டம். குழம்புக்குப் புளி குறைந்தால், சாப்பிட உட்காருமுன்பே அறிவிப்பு வரும்: “புள்ளயள், இண்டைக்குப் புளிய எடுத்திரிக்கன். மறுகா தெரியாதெண்டு சொல்லப்படாது.”

போன மாதம் அமிர்தகழியில் மச்சாளின் கல்யாணம். பாக்கியம் அன்ரி இல்லாமல் இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேசமும் இல்லை. முதல் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தடிமல் பிடித்துக் குரல் மறுபடி காகமாகிப்போயிருந்த நான் பரிமாறிக்கொண்டு நின்றேன். ஆட்கள் இருவர் பெரிய சோற்றுக் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தார்கள். குறுக்கே ஒரு குழந்தை தவழ்ந்தது.

“கொஞ்சம் பொறுங்க!” என்றேன்.

கிடாரம் ‘டங்’கென்று தரையில் இறங்கியது. இருவரும் இரண்டு அடி விலகி நின்று, குனிந்து, சோற்றைக் குறைப்பதற்கு இடம் தேடினார்கள். (ஆலைக்காரர்கள். கல்யாண வீட்டுக்குக் கை கொடுக்க வந்தவர்கள்.) குழந்தையைத் தூக்கியாகிவிட்டது. “இப்ப கொண்டு போங்க” என்று நான் சொல்லியும் அவர்கள் அசையவில்லை. இந்தக் குரலுக்குத் தூக்கிப் பழக்கமில்லை. பந்தி முழுவதும் சோறு விழாத இலையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாக்கியம் அன்ரி அப்பளத்தை ஒரு கடி கடித்துவிட்டு, தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார்:

“பொலி!”

இருவரும் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சேவல் கூவாததுதான் குறை.