நாற்பத்தோராயிரம் ஹம்ஸினிகள்

நாச்சாரம் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை நான்காவது பீரியட் என்று ஒன்று இருந்தது. அது நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தைக் காப்பாற்றுவதற்காகக் கனகவல்லி டீச்சர் இருபத்திரண்டு வருடங்களில் மூன்று தலைமை ஆசிரியர்களோடு சண்டை போட்டிருந்தார். நான்காமவரான ஃபெலிக்ஸ் சார் சண்டைக்கு வராத சுபாவம். வருகிற காகிதத்துக்கெல்லாம் சீல் குத்திவிடுவார்.

மற்ற வகுப்புகளில் கட்டுரை என்றால் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அதனால் நாற்பது நோட்டிலும் ஒரே பசு, ஒரே நாலு கால். டீச்சரின் பீரியடில் கரும்பலகை சும்மா கிடக்கும். பிள்ளைகள் தாங்கள் கண்டதை, தெலுங்கோ இந்தியோ இங்கிலீஷோ தமிழோ, கைக்கு வந்த மொழியில் எழுத வேண்டும். டீச்சர் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "இதை யார் எழுதினது?" கண்ணைப் பார்த்து "நான்தான்" என்று சொல்ல முடிந்தால் பாஸ்.

ஏழாம் வகுப்பு பி பிரிவு ஹம்ஸினியின் அம்மா பட்டான்செரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டை அடுக்குகிறவர். தூக்கத்திலும் அம்மா பத்துப் பத்தாக எண்ணுகிறாள் என்று ஹம்ஸினி எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்துபோனார்.

இந்தச் செய்தி எப்படியோ மேலிடத்துக்கு எட்டியது. ஓரிடத்தில் நல்ல காரியம் நடப்பது தெரிந்தும் கைகட்டி இருப்பது எந்த அலுவலகத்துக்கும் அழகல்ல. உடனே எழுத்தாற்றல் வளர்ச்சி இயக்கம் என்று ஒன்று பிறந்தது. கனகவல்லி டீச்சர் முன்னோடிக் கல்வியாளராக அறிவிக்கப்பட்டு, பொன்னாடை போர்த்தப்பட்டு, மாநில ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்பட்டார். இயக்கத்தின் ஆலோசகராகக் கச்சிபௌலி கம்பெனி ஒன்றிலிருந்து சந்தீப் வந்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளை. கழுத்தில் இரண்டு அடையாள அட்டை தொங்கிற்று.

"மேடம், உங்க மாடலை ஸ்கேல் பண்ணப்போறோம்."

"மாடல்லாம் ஒண்ணுமில்லப்பா. அந்த நாற்பது நிமிஷத்தைத் தொடாம விட்டா போதும், பிள்ளைங்க எழுதிடும்."

"அது அவுட்கம் மேடம். அதுக்கு முன்னாடி விழிப்புணர்வு இருக்கே."

விழிப்புணர்வு செவ்வாய்க்கிழமை நான்காவது பீரியடில் நடந்தது. முதல் வாரம் பிள்ளைகள் எழுதுவோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். இரண்டாம் வாரம் எழுதுவதைப் பற்றிப் படம் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் ஆறடி தெர்மகோல் பென்சில் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. அதன் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையாக நின்று படம் எடுத்துக்கொண்டதில் இரண்டு மாதம் போயிற்று.

பிள்ளைகள் எவ்வளவு எழுதினார்கள் என்று ஆசிரியர்கள் வாராவாரம் பதினான்கு கட்டங்கள் உள்ள படிவத்தில் எழுத வேண்டும். ஆசிரியர்கள் எழுதியதைத் தொகுத்து ஒருங்கிணைப்பாளர் எழுத வேண்டும். அந்த வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதாமல் இருந்தவர்கள் பிள்ளைகள் மட்டும்தான். டீச்சர் எட்டு மாதம் "மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று எழுதிக்கொண்டே இருந்தார். விழிப்புணர்வு ஒருநாள் முடியும், பீரியட் திரும்பி வரும் என்று நம்பினார்.

பிப்ரவரியில் ஹம்ஸினி யாரையும் கேட்காமல் மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டாள். 'ஐயா, செவ்வாய்க்கிழமை நாங்கள் எழுதுவோம். இப்போது பென்சிலைப் பார்க்கிறோம். போன வாரம் என் அம்மா தூக்கத்தில் பத்துக்குப் பிறகு பதினொன்று என்றாள். ஒரு மாத்திரை எப்படிக் கூடிற்று என்று நான் எழுத வேண்டும். எங்கள் பீரியடைத் திருப்பித் தாருங்கள். இப்படிக்கு, ஹம்ஸினி, ஏழாம் வகுப்பு பி பிரிவு.'

சந்தீப் கார் போட்டுக்கொண்டு வந்தார். ஃபெலிக்ஸ் சார் சீலை மேசை டிராயரில் ஒளித்துவிட்டு, "டீச்சரம்மா, நம்ம சோலி முடிஞ்சுது" என்றார்.

"பிரமாதம் மேடம்" என்றார் சந்தீப். "மேலிடத்துல கண் கலங்கிட்டாங்க. ஃபர்ஸ்ட் ப்ரைஸ்."

"அப்ப பீரியடைத் திருப்பித் தருவீங்களா?"

"மாநிலம் முழுக்கத் தர்றோம் மேடம். செவ்வாய்க்கிழமை நாலாவது பீரியட்ல எல்லாப் பிள்ளைகளும் எழுதணும்."

டீச்சர் அலமாரியிலிருந்து பழைய கட்டுரை நோட்டுகளை எடுக்கப் போனார். "என்ன எழுதணும்?"

"இந்தக் கடிதத்தைத்தான்."

மாதிரிக் கடிதத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதி அனுப்புக என்று சுற்றறிக்கை போயிற்று. நாற்பத்தோராயிரம் பிள்ளைகள் எழுதினார்கள். வங்கி மேலாளரின் மகனும் எழுதினான், டாக்டரின் மகளும் எழுதினாள். நாற்பத்தோராயிரம் அம்மாக்கள் தூக்கத்தில் பதினொன்று என்றார்கள். மேலிடம் கவலைப்பட்டுத் தாய்மார்களுக்குத் தூக்கப் பரிசோதனை முகாம் அறிவித்தது. வராத பிள்ளைகளுக்காக வகுப்பாசிரியரே எழுதிவிடுவது எந்தப் பள்ளியிலும் உள்ள வழக்கம். கனகவல்லி டீச்சரும் தம் பங்குக்கு அறுபது கடிதம் எழுதினார். பீரியட் வருகிறது என்றால் அறுபது என்ன பெரிது?

ஓர் எழுத்தும் பிசகாமல் என்றதால், எல்லாரும் கீழே உள்ள கையெழுத்தையும் பிசகாமல் போட்டிருந்தார்கள்.

கடிதங்களைக் கணினியில் ஏற்றினார்கள். கணினிக்கு ஓரவஞ்சனை கிடையாது. நாற்பத்தோராயிரம் கடிதங்களையும் எழுதியவர் ஹம்ஸினி, ஏழாம் வகுப்பு பி பிரிவு, என்று கண்டுபிடித்தது. முகாமுக்கு அவள் அம்மா ஒருத்தி மட்டும் அழைக்கப்பட்டு, அங்கே நன்றாகத் தூங்கிவிட்டு வந்தார். மாநிலத்திலேயே அதிகம் எழுதிய மாணவி என்று ஹம்ஸினிக்கு அவள் உயரத்துக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். தான் எழுதியது ஒன்றே ஒன்று என்று அவள் மேடையில் சொன்னதைத் தன்னடக்கம் என்று பாராட்டிக் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பிள்ளை ஒன்றுக்கு வருடத்துக்குப் பத்துப் பக்கம் என்பது இலக்கு. பள்ளியில் நானூற்றுப் பத்துப் பிள்ளைகள்; ஹம்ஸினி பெயரில் இப்பள்ளிக் கணக்கில் ஏறிய பக்கம் நாற்பத்தோராயிரம். ஆகவே இப்பள்ளி அடுத்த பத்தாண்டுகளுக்கான எழுத்தை எழுதி முடித்துவிட்டபடியால், செவ்வாய்க்கிழமை நான்காவது பீரியட் உபரியாகக் கருதப்பட்டுக் கணக்குப் பாடத்துக்கு மாற்றப்படுகிறது.

டீச்சர் ஓய்வு பெற நாலு வருடம் இருந்தது.

சந்தீப்பை போனில் பிடித்தார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஆட்சேபணை இருந்தா ஒரு மனு போடுங்க மேடம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள."

ஹம்ஸினியிடம் இன்னொரு கடிதம் எழுதச் சொல்லலாமா என்று டீச்சருக்கு ஓர் ஆசை வந்தது.

"நக்கோ டீச்சர், வேணாம்" என்றாள் ஹம்ஸினி. "நான் எழுதினா அதையும் எல்லாரும் எழுதுவாங்க. நீங்களே எழுதுங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கடைசிச் செவ்வாய்க்கிழமை, கடைசி நான்காவது பீரியடில், டீச்சர் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். நெஞ்சில் இருபத்திரண்டு வருடம் இருந்தது. பேனா தன் பாட்டுக்கு ஓடிற்று. மணி அடிக்கும்போது இரண்டு பக்கம் நிறைந்திருந்தது.

ஃபெலிக்ஸ் சார் முதல் வரியைப் பார்த்தார். மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தெரிவித்துக்கொள்வது யாதெனில். "வடிவம் சரியா இருக்கு டீச்சரம்மா" என்று சொல்லி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சீல் குத்தினார்.

ஹம்ஸினி வாங்கி முழுதும் படித்தாள். திருப்பிக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தாள்.

"இதை யார் எழுதினது, டீச்சர்?"

நான்தான் என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தார். கண் மனுவின் அடியில் போய் நின்றது. அறுபது தடவை பழகிய கை, அறுபத்தொன்றாவது தடவையும் பிசகாமல் போட்டிருந்தது: இப்படிக்கு, ஹம்ஸினி, ஏழாம் வகுப்பு பி பிரிவு.

ஃபெலிக்ஸ் சார் எட்டிப் பார்த்துவிட்டு டீச்சரின் தோளைத் தட்டாத குறையாகச் சமாதானம் சொன்னார்.

"இருக்கட்டும் டீச்சரம்மா. இந்தப் பேர்ல போனாதான் மேல எடுத்துப் படிப்பாவ. மத்த டீச்சர்மாருக்கும் ஆளுக்கொரு காப்பி எழுதச் சொல்லிரட்டுமா?"