கரண்டு போனபோது கேட்டது

சங்கரன்கோவில்,
1984, ஆடி மாதம்

மதிப்புக்குரிய குருசாமி மச்சானுக்கு,

உம் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு இன்னும் முழிக்கிற மூக்காண்டி எழுதுவது. நானும் முத்துமாரியும் சுகம். அவள் வாயும் சுகம். உம் சுகத்துக்குக் கோமதியம்மனைக் கும்பிட்டிருக்கிறோம்.

உம் கார்டு கிடைத்தது. இரண்டே வரி. ‘நான் இல்லாட்டியும் எல்லாம் நடக்கும்’ என்று எழுதியிருக்கிறீர். என் மூக்கைப் பற்றி ஒரு கேலிகூட இல்லை. அதைப் பார்த்ததுமே பேனாவை எடுத்துவிட்டேன்.

நம்ம பழைய தறி ஷெட்டு ஞாபகம் இருக்கா மச்சான்? தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது, கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. என் மூத்த மகன் காய்ச்சலில் செத்துப்போன வருசம் நான் அந்தச் சத்தத்துக்குள்ளேதான் மனசில் இருந்ததையெல்லாம் கத்துவேன், நான் முதலாளியை வைகிறேன் என்று நீங்களெல்லாம் சிரித்துச் சிரித்துத் தலையாட்டுவீர்கள், ஒருநாள் கரண்டு பொசுக்குன்னு போச்சு, என் வாய் மட்டும் நிக்கல, ‘எனக்கு உசிரோட இருக்கப் பிடிக்கல’ன்னு ஷெட்டு பூராவும் கேட்டுது. ஒருத்தரும் சிரிக்கல. நீர்தான் கிட்ட வந்து, “பிடிக்காட்டாப் பிடிக்காமலே இரும்வே. ஆனா எங்களோட இரும்” என்றீர்.

அன்றிலிருந்து நான் ஒன்றுக்குப் போனாலும் பின்னாலேயே பக்கத்துத் தறி சுலைமான், கேட்டா “காத்து வாங்க வந்தேம்வே”ம்பான், அந்த இடத்தில் என்ன காத்தோ. நீர் என்னைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகையில், “மச்சானுக்கு மனசுக்குச் சுகமில்ல, சன்னல் சீட்டு குடுங்க”ன்னு பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தமாச் சொன்னீர், வயித்துவலிக்காரனுக்குச் சொல்லுத மாதிரி. மானம் போச்சு. ஆனா சீட்டு கிடைச்சுது, மாத்திரை கிடைச்சுது, தூக்கமும் கொஞ்சங்கொஞ்சமாத் திரும்பிச்சு.

இப்போது நீர் கோயம்புத்தூர் மில்லில் சூப்பர்வைசர். கண்ணாடி ரூமாம், சத்தமே இல்லையாம். கத்துவதற்கு எங்கே போவீர்? நேராவே கேக்கேன்: சாகணும்னு தோணுதா மச்சான்? தோணினா எனக்குச் சொல்லும். நான் பயந்திர மாட்டேன், வையவும் மாட்டேன்.

நேரில் வர ஆசைதான். ஆனால் ஊரில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம், லீவும் கிடையாது, வீட்டில் ஆடு வேறு குட்டி போட்டிருக்கிறது. வர வழியே இல்லை, கோபித்துக்கொள்ளாதேயும்.

நீர் நூறு வயசிருந்து என் மூக்கைக் கேலி பண்ண அம்மன் அருளட்டும்.

அன்புள்ள மச்சான்,
மூக்காண்டி

பின்குறிப்பு: வர வழியில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடும். உம் கார்டை மறுபடி படித்தேன், தபால்காரரை நம்பி இருக்க மனசு கேட்கவில்லை. நானும் சுலைமானும் உம் மில் கேட்டில்தான் நிற்கிறோம், இதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். வெளியே வாரும். ஊருக்குப் போகிற பஸ்ஸில் உமக்குச் சன்னல் சீட்டு கேட்கத் தொண்டையைச் சரிபண்ணி வைத்திருக்கிறேன்.