வேலைவாவியின் முதல் ஆள்

சின்னக் கடைக்காரர்கள் இனி ஆள் தேடி அலையக்கூடாது என்று வினாயகமூர்த்தி முடிவு கட்டினார். பத்திரிகை விளம்பரத்துக்குக் கொட்டுகிற காசில் காற்பங்குகூட வேண்டாம். பேக்கரியோ தையற்கடையோ, இணையத்தில் தட்டினால் ஆள் வந்து நிற்கும். இதற்கென்று தொடங்கிய தளத்துக்கு 'வேலைவாவி' என்று பெயர் வைத்தார். செட்டிபாளையத்து வீட்டின் முன்னறைதான் தலைமையகம். விதி ஒன்றே ஒன்று, அதுவும் கொட்டை எழுத்தில்: வேலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டு வராதவரின் பெயர் தளத்தின் முகப்பில் போடப்படும், சாகும்வரை எடுக்கப்படாது.

பல நாளாக அங்கே ஈ, காக்கை இல்லை. பிறகு ஒரு விளம்பரம் வந்து விழுந்தது.

"செட்டிபாளையத்தில் இடியப்பக் கடைக்கு ஆண் ஒருவர் தேவை. விடிய எழும்பித் தேங்காய் திருவ வேண்டும். வாய் காட்டாதவராயின் விரும்பத்தக்கது. சாப்பாடும் தங்குமிடமும் உண்டு."

கடைக்காரர் பெயர் இல்லை. வினாயகமூர்த்திக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"இஞ்ச பாருகா சுலோ, நம்மட ஊரில இடியப்பக் கடை எங்க இரிக்கு?"

"எனக்கென்ன தெரியும்?" மனைவி சுலோஜனா போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னத்துக்குச் சிரிக்கிறாய்?"

"சிரிக்கிறதுக்கும் உங்கட தளத்தில பதியணுமா?"

"இது கள்ளக் கூட்டம். முதல் விளம்பரமே மோசடியெண்டா என்ட பேர் என்னாகும்? நானே வேற பேரில போய்ப் பிடிக்கிறன்."

"ஓம், ஓம். பிடிங்க."

அவள் இவ்வளவு சுருக்காகச் சம்மதித்ததே சந்தேகம்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சந்தேகம் என்பது அவர் கொள்கை. 'வல்லிபுரம்' என்ற பெயரில் விண்ணப்பித்தார். தேங்காய் திருவுவதில் நெடுநாள் அனுபவம், எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை என்றெல்லாம் அள்ளிவிட்டார். உடனே பதில் வந்தது. தெரிவாகிவிட்டீர்கள், ஒத்துக்கொண்டால் நாளைக் காலை பஸ் தரிப்பிடத்தில் நிற்கவும். ஒத்துக்கொண்டார்.

மறுநாள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அங்கே நின்றார். வந்தவர் போனவரையெல்லாம் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர்களும் அவரை அப்படியே பார்த்தார்கள். கடைசியில் ஒரு கை தோளைத் தட்டியது.

"வாங்க வல்லிபுரம். தேங்காய் உடைச்சு வெச்சிரிக்கன்."

சுலோஜனா.

"நீயா? நான்தானெண்டு எப்பிடித் தெரியும்?"

"உங்கட தளத்தில இரிக்கிறதே ரெண்டு பேர். ஒண்டு நான். மற்றது ஆராம்?"

"அப்ப அந்தக் கடை?"

"இண்டைக்குத்தான் தொடங்கிறன், நம்மட குசினி அடுப்பில. போன்ல ஓடர் குவியுது. அதுக்குத்தான் சிரிச்சன்."

"தங்குமிடம் உண்டெண்டு போட்டியே, அது பொய்தானே?"

"அது என்ட சீதன வீடு. கலியாணம் முடிச்ச நாளில இரிந்து நீங்க அதிலதானே தங்கிறீங்க?"

வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகிற ஊரில் இந்த இடத்தில் எந்த ஆம்பிளையும் தேங்காய் திருவப் போய்விடுவான். ஆனாலும் அவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் வரமாட்டன்."

"வராட்டி விடுங்க. மறுகா முகப்பில வல்லிபுரமெண்டு போடுறதா, வினாயகமூர்த்தியெண்டு போடுறதா?"

தொப்பியைக் கழற்றாமலே அவர் வீட்டுக்கு நடந்தார். திருவலையில் குந்தினார். தன் தளத்தின் மானத்துக்காகத் தேங்காய் தேங்காயாகத் திருவித் தள்ளினார்.

மத்தியானம், எப்படியோ வேலைவாவியால் ஒரு ஆளுக்கு வேலை கிடைத்துவிட்டதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு தளத்தைத் திறந்தார். முதலாளி புதிய விளம்பரம் போட்டிருந்தாள்.

"முந்தி எடுத்த ஆள் திருவிய தேங்காய்ப்பூவில் சிரட்டை வருகுது. வேறு ஆள் தேவை."