என் ஹை-ரெஸ் காது

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் செல்போனில் பாட்டுக் கேட்பதில்லை. செல்போன் பேசுவதற்கு. பாட்டுக்கென்று தனியாக ஒரு கருவி வேண்டும். சட்டைப் பையில் அடங்கி, பாட்டைத் தவிர உலகத்தில் வேறொன்றும் அறியாத, துல்லியமான ஒலி தரும் ஹை-ரெஸ் பிளேயர்.

இந்த ஞானம் எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது. அருளியவன் ஆரோக்கியராஜ். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். சம்பளத்தில் பாதியைக் காதில் மாட்டிக்கொண்டு திரிபவன்.

"அண்ணே, போன்ல நீங்க கேக்குறது பாட்டே இல்ல, பாட்டோட ஜெராக்ஸு. அமுக்கி அமுக்கி சின்னதாக்கிடுறான். ஒரிஜினல் ஃபைல அப்படியே வாசிக்க நல்ல பிளேயர் வேணும். கேட்டுப் பாருங்க."

இயர்போனை என் காதில் செருகினான். நான் கண்ணை மூடினேன். தலையை ஆட்டினேன். தொடையில் தாளம் போட்டேன்.

"ஆகா! பின்னாடி ஒரு சலங்கை வருது பாரு ராஜ், பனித்துளி விழுற மாதிரி!"

கண்ணைத் திறந்தபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

"சலங்கையா அண்ணே?"

"உனக்குக் கேக்கல? சில காதுங்க அப்படித்தான். பழக்கணும்."

அவன் இயர்போனைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் பெயர் செந்தமிழ்செல்வன். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஏற்றுமதிக் கம்பெனியில் மேனேஜர். மனைவி தமிழ்ச்செல்வி, பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பெயரில் இருவருக்கும் தமிழ் உண்டு. பேசுகிற தமிழ் அவளுடையது, கேட்கிற தமிழ் என்னுடையது. அவளிடம் ஒரே குறைதான். கொஞ்ச காலமாக வாய்க்குள்ளேயே பேசுகிறாள். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது, பாவம்.

மறுநாள் காலை இட்லித் தட்டோடு உட்கார்ந்தேன்.

"உப்பு ஜாஸ்தியா?" என்றாள்.

"சேச்சே, உன் மேல தப்பு என்ன இருக்கு?"

"உப்பு மாமா, உப்பு!"

"அதான் சொல்றனே, தப்பே இல்லன்னு."

நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று விஷயத்தைத் தொடங்கினேன். என் காதின் தரம், போனின் தரமின்மை, இரண்டுக்கும் நடுவே நான் படும் வேதனை. இரவெல்லாம் தயார் செய்த பேச்சு. பாதியிலேயே குறுக்கிட்டாள்.

"வாங்கலாம் மாமா."

"தூங்கலாமா? இப்பத்தான எழுந்தேன்."

"வா...ங்...க...லாம்!"

எனக்கு இட்லி விக்கியது. பக்கெட் வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவள் இவள்.

"ஆனா ஒண்ணு," என்று நாற்காலியை எனக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்த்துப் பேசினாள். "உங்க காதுக்குக் கடையில தொங்குற இயர்போன் சரிப்படாது. பெரிய பாட்டுக்காரங்க எல்லாம் காதை அச்சு எடுத்து, அளவா செஞ்சு மாட்டிக்கிறாங்களாமே? ஆரோக்கியராஜ் தம்பி சொல்லிச்சு. என்கிட்ட படிச்ச கனிமொழி சிதம்பரத்துல அந்த அளவெல்லாம் எடுக்குது. மொதல்ல காதை அளந்துக்குவோம். அப்புறம் அதுக்கேத்த செட்டு."

காதுக்கு டெய்லர்! இத்தனை வருஷத்தில் என்னை யாராவது அளந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தார்களா? உடனே சலவைச் சட்டையை எடுத்து வைத்தேன்.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்தது அந்த இடம். 'செவித்திறன் மையம்' என்று பலகை.

"திறன்னு போட்டிருக்கு பாரு. எல்லாரையும் உள்ள விட மாட்டாங்க போல," என்றேன்.

"விட மாட்டாங்க," என்றாள் தமிழ். முகத்தில் சலனமே இல்லை.

உள்ளே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் நரைத்த தலை. பழைய காலத்து ரசிகர்கள். பக்கத்தில் இருந்தவர் சிங்காரம் என்று அறிமுகம் செய்துகொண்டார். பரங்கிப்பேட்டையில் இருந்து வந்திருக்கிறார்.

"ஐயா எந்த பிளேயர் வச்சிருக்கீங்க?" என்றேன்.

"ஆமா, வெயில்தான். இந்த வருஷம் ஜாஸ்தி," என்றார்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். "எத்தன புள்ளைங்க?" என்றுதான் என் காதில் விழுந்தது.

"ஒரே பொண்ணு. சென்னையில வேலை."

"வேலையா? நான் ரிட்டயராகி ரொம்ப நாளாச்சே."

இப்படி வெகுநேரம் இணக்கமாகப் பேசினோம். நாகரிகமான மனிதர். தமிழ் மட்டும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவர் கேட்டது "எதுக்கு வந்தீங்க?" என்பதைப் பிறகுதான் சொன்னாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்களாம். தமிழ் தோளைத் தட்டியபிறகு எழுந்தேன்.

கனிமொழி சின்னப் பெண். வெள்ளைக் கோட்டு. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"சார், 'பீப்'னு சின்னதா ஒரு சத்தம் வரும். கேக்கும்போதெல்லாம் அமுக்குங்க. அவ்வளவுதான்."

"எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்லம்மா. அனுப்பு."

கதவைச் சாத்தினாள். சத்தம் வந்தது, அமுக்கினேன். வந்தது, அமுக்கினேன். பிறகு நின்றுவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அவள் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். மிஷின் ரிப்பேர் போலிருக்கிறது. நான் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். அறையைச் சுற்றிப் பார்த்தேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். தமிழைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

கதவு திறந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலியாம்மா?" என்றேன்.

"முடிஞ்சிருச்சு சார்."

எதிரில் உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னாள். தடித்த சத்தம் எனக்குக் கேட்கிறது. மெல்லிய சத்தம், கீச்சென்ற சத்தம் எதுவும் கேட்கவில்லை. இடது காது ரொம்ப மோசம்.

"அதனாலதான் சார், மத்தவங்க வாய்க்குள்ள பேசுற மாதிரி உங்களுக்குத் தோணும். பேசுறது கேக்கும். என்ன பேசுறாங்கன்னு பிரியாது."

"இல்லம்மா, நீ சரியா பாக்கல. எனக்குப் பாட்டுல சலங்கைகூடத் தனியா கேக்குது. ஆரோக்கியராஜைக் கேளு."

தமிழ் தரையைப் பார்த்தாள்.

"ஆரோக்கியராஜ்தான் மாமா வந்து சொல்லிச்சு. அது அன்னிக்குப் பாட்டே போடல. போடறதுக்குள்ள நீங்க தலைய ஆட்ட ஆரம்பிச்சிட்டீங்களாம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது சத்தம் போட்டதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சின்னப் பெண்ணாகத் தமிழிடம் பாடம் படித்தவள் முன்னால், சலவைச் சட்டையோடு, நான் பனித்துளியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுலயே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"எத்தன தடவ சொன்னேன்? காது டாக்டர்னாலே கத்துனீங்க. 'நீ போயி தொண்டையக் காட்டிட்டு வா'ன்னு என்னைத் துரத்துனீங்க." அவள் குரல் உடைந்தது. "மஞ்சக்குப்பத்துல பின்னாடி பஸ்ஸு அலறுது, நீங்க பாட்டுக்கு நடுரோட்டுல வண்டி ஓட்டுறீங்க. நான் பின்னாடி உக்காந்து உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வரேன். சரி, அதாவது போவட்டும். ஜெயப்பிரகாஷ்கிட்ட என்ன சொன்னீங்கன்னு தெரியுமா?"

ஜெயப்பிரகாஷ் எங்கள் ஆபீஸ் கணக்காளர். போன மாதம் கடைத்தெருவில் எங்களைப் பார்த்தவர், அருகில் வந்து ஏதோ சொன்னார். அவர் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததும், அதற்காக அவர் லீவு போட்டிருந்ததும் எனக்குத் தெரியும்.

"அப்பா தேறிட்டாருன்னாரு. சந்தோஷம்னு சொன்னேன். ஸ்வீட் எங்கன்னு கேட்டேன். அதுல என்ன?"

"தேறிட்டாருன்னு சொல்லல மாமா. தவறிட்டாருன்னு சொன்னாரு."

 அவர் தோளைத் தட்டி, பல்லைக் காட்டிச் சிரித்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவர் என் அறைக்கு வராமல் எல்லாவற்றையும் ஆள் மூலம் அனுப்புகிறார். திமிர் என்று நினைத்து, நானும் முறைத்துக்கொண்டிருந்தேன்.

"மறுநாளே நான் அவுங்க வீட்டுக்குப் போய், உங்களுக்குக் காது கேக்கலன்னு சொல்லிட்டு வந்தேன். அவுங்க பொண்டாட்டி நம்பல. 'எங்க வீட்டுக்காரரு சம்பள உயர்வு கேட்டப்பவும் சாருக்கு இப்படித்தான் கேக்கல'ன்னாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சம்பள உயர்வு விஷயம் நிஜமாகவே காதில் விழுந்திருந்தது. அதை அங்கே சொல்லவில்லை.

கனிமொழி ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தாள். சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு கருவிகள். காதுக்குப் பின்னால் மாட்டி, கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினாள்.

முதலில் ஒரு சரசரப்பு. அது தமிழின் புடவை. பிறகு யாரோ பேனாவை மேஜையில் வைத்தார்கள். அறைக்கு வெளியே சிங்காரம் யாரிடமோ வெயிலைப் பற்றிப் பேசுவது கேட்டது.

"வலிக்குதா மாமா?"

மெதுவாகத்தான் கேட்டாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. எத்தனை நாளாக இவள் என்னிடம் கத்தியே வாழ்ந்திருக்கிறாள்! நான் அவளுக்குத் தொண்டை போய்விட்டதென்று பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"இல்ல," என்றேன். 

"பாட்டும் கேக்கலாம் சார்," என்றாள் கனிமொழி உற்சாகமாக. "போன்ல இருந்து நேரா காதுக்கே வந்துரும். தனியா பிளேயரே வேணாம்."

ஆக, கையடக்கமான, தரமான, அளவெடுத்துச் செய்த கருவி கிடைத்துவிட்டது. ஊரில் யாரிடமும் காட்டத்தான் முடியாது.

இறங்கியதும் முதல் வேலையாக ஜெயப்பிரகாஷுக்குப் போன் செய்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் உளறினேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பரவால்ல சார், காதப் பாத்துக்குங்க," என்றார். ஒவ்வொரு எழுத்தும், அதில் இருந்த கசப்பும் தெளிவாகக் கேட்டது. சும்மா கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். என்ஜின், ஹாரன், சில்லறை, பின்சீட்டுக் குழந்தை, எல்லாம் ஒரே நேரத்தில் என் மண்டைக்குள் ஏறின. இதற்கு நடுவில் தமிழ் பேச ஆரம்பித்தாள். இத்தனை நாள் எனக்குக் கேட்காது என்று சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் தேதி வரிசைப்படி எடுத்துவிட்டாள். என் தங்கச்சி கல்யாணத்தில் தொடங்கினாள். புதுச்சத்திரம் தாண்டியும் அந்தக் கல்யாணம் முடியவில்லை.

நான் காதுக்குப் பின்னால் தடவினேன்.

"என்ன தேடுறீங்க?"

"சவுண்டு குறைக்கிற பட்டன்."

"அதுல பட்டன் கெடையாது மாமா. கூட்டுறது, குறைக்கிறது, நிறுத்துறது, எல்லாம் ஆப்புலதான்."

"சரி, அந்த ஆப்ப என் போன்ல போடு."

"எதுக்கு? கனிமொழிகிட்ட சொல்லி என் போன்லயே வச்சிட்டேன்," என்று சொல்லி, திரையில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்துச் சத்தத்தைக் கூட்டினாள் தமிழ்.

ஆப்பு வைத்தாகிவிட்டது என்பது மட்டும் எனக்கு இரண்டு காதிலும் மிகத் துல்லியமாகக் கேட்டது.