அதா இருக்காது

‘அதா இருக்காது’ ஆசாமியை நீங்கள் பார்த்ததில்லை என்றால், உங்கள் வீட்டில் இதுவரை எதுவுமே பழுதாகவில்லை என்று அர்த்தம். ஏதாவது ஒன்று ஒழுகட்டும், கருகட்டும், நின்றுபோகட்டும். எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார். குழாய் சொட்டுகிறது, வாஷர் தேய்ந்திருக்கும் என்பீர்கள். அதா இருக்காது என்பார். மிக்ஸி ஓடவில்லை, பிளக்கைச் சரியாகச் செருகவில்லையோ என்பீர்கள். அதா இருக்காது. வயிறு வலிக்கிறது, மத்தியானம் ஆறு பரோட்டா சாப்பிட்டேன் என்று நீங்களே வாக்குமூலம் கொடுப்பீர்கள். அவர் உங்கள் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, கண்ணை லேசாக மூடி, நாக்கால் ஒரு ‘ச்ச்’ போட்டு, அதா இருக்காது என்பார். எளிய காரணம் என்றால் அவருக்கு அவமானம். காரணம் என்பது ஆழத்தில் இருக்க வேண்டும், நாலு பேருக்கு எட்டாததாக இருக்க வேண்டும், எட்டுகிற நேரத்தில் டார்ச் லைட் அவர் கையில் இருக்க வேண்டும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் காரைக்காலுக்கு வாருங்கள். அங்கே தருமபுரத்தில் டென்னிஸ் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். வாசலில் இளநீல நிறத்தில் ஒரு பழைய பியட் நிற்கும். அதன் முன்கண்ணாடிக்கு எதிரே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற டென்னிஸ் நிற்பார்.

வண்டி அவருடைய அப்பா அறுபத்தெட்டில் வாங்கியது. குடும்பத்துப் பெண்கள் பதினோரு பேர் அதில்தான் கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள். பன்னிரண்டாவதாகப் போக வேண்டியவள் தம்பி மகள் ஜெனிஷா. சின்ன வயதில் கோவிலில் முதன்முதலாக நற்கருணை பெற்று, புதுநன்மை வாங்கிய அன்றைக்கு வெள்ளைக் கவுனோடு அதன் பின்சீட்டில் ஏறி நின்று ஊருக்கெல்லாம் கையாட்டிய பெண். “எனக்கு உங்க வண்டிதான் பெரியப்பா” என்று அவள் சொன்னபோது டென்னிஸுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதற்குக் காரணம் நெஞ்சுச்சளி என்றுதான் அவர் அன்றைக்கு முடிவு செய்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோவிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் நவம்பர் சனிக்கிழமைகளில் எல்லோரும் முண்டியடிப்பார்கள். மழையும் அந்த நவம்பரில்தான் முண்டியடிக்கும். ஜெனிஷாவுக்கு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணம், வானிலை அறிக்கையில் கனமழை, பியட்டில் வைப்பர் ஓடவில்லை.

“வெள்ளிக்கிழம சாயந்தரத்துக்குள்ள வைப்பர் ஓடுனா உங்க வண்டி. இல்லன்னா மாப்பிள்ளை வீட்டு வண்டின்னு அப்பா சொல்லிட்டாங்க பெரியப்பா” என்று ஜெனிஷா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

மாப்பிள்ளை வீட்டு வண்டி புத்தம் புதியது. கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தாலே அதன் வைப்பர் தானாக ஓடுமாம். யாரும் சொல்லாமல், யோசிக்காமல், காரணம் கேட்காமல் ஓடுகிற வைப்பரா? டென்னிஸ் அதைத் தன்னை நோக்கிச் சொன்ன வசவாகவே எடுத்துக்கொண்டார்.

நோய் இதுதான். ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் உறுமும். வைப்பர் நாலு விரல் உயரம் எழும்பும், நடுங்கும், அப்படியே நின்றுவிடும்.

“மே மாசம் ஜெர்லின் கல்யாணத்துக்குப் பூ கட்டுனோம்ல, அதுக்கு முன்னாடி நல்லாத்தாங்க ஓடுச்சு” என்றார் அவர் மனைவி லூர்தம்மாள்.

“ச்ச். அதா இருக்காது.”

பதினோராவது மணப்பெண்ணான ஜெர்லினின் அந்தப் பூ விவகாரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைக்குப் பூக்காரர் நூலோடு வந்தார். கடல்காற்றுக்கு நூல் நிற்காது என்று அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, மீனவர் ஊரான கருக்களாச்சேரியிலிருந்து தூண்டில் நரம்பு வரவழைத்து, வைப்பரின் அடியில் சுற்றிச் சுற்றி இறுக்கித் தன் கையாலேயே மாலையைக் கட்டியவர் டென்னிஸ். மறுநாள் வாடிய மாலையைக் கத்தரியால் வெட்டி எடுத்தவரும் அவரே. கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் வெட்டினார். தூண்டில் நரம்போ மீன் கண்ணுக்கே தெரியாதது. கோவில் போய்த் திரும்பும் வரை ஒரு பூகூட உதிரவில்லை என்பதை ஆறு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறார். கோடையில் வைப்பருக்கு வேலையில்லை. மழை வந்ததும் நின்றுபோயிருப்பது தெரிந்தது.

இனி ஆராய்ச்சி. முதலில் எர்த் மேல் சந்தேகம் வந்தது. கடலோர ஊர், உப்புக்காற்று, எர்த் பிடிக்கவில்லை என்று சொல்லி வண்டியில் எங்கெல்லாம் ஒயர் இரும்பைத் தொடுகிறதோ அங்கெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாக மூன்று எர்த் ஒயரும் இழுத்தார். வைப்பர் நாலு விரல் எழும்பி நின்றது. மோட்டாரைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்து பேட்டரியில் கொடுத்தார். அது ஓடிய ஓட்டத்தில் ஊறுகாய் ஜாடி கீழே விழுந்தது. மேஜையில் ஓடுகிற மோட்டார் வண்டியில் ஓடவில்லை என்றால் நீங்களும் நானும் என்ன நினைப்போம்? மோட்டாரில் கோளாறு இல்லை, வேறு எங்கோ இடிக்கிறது என்று நினைப்போம். டென்னிஸ் நினைத்தது வேறு. மேஜை மரம், வண்டி இரும்பு, ஆகவே எர்த். திரும்பவும் உப்புத்தாள் வாங்கிவந்தார். அதற்கும் மசியவில்லை என்றதும், தொண்ணூற்றொன்றில் மாற்றிய முன்கண்ணாடியின் வளைவு சரியில்லை என்று லூர்தம்மாளின் தையல் டேப்பை வைத்து ஒரு முழு மத்தியானம் கண்ணாடியை அளந்தார்.

வியாழக்கிழமை மெக்கானிக் காதர் பாட்சா வந்தார். இருபது வருடமாக அந்த வண்டியைப் பார்க்கிறவர், அதாவது டென்னிஸ் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவர். வைப்பரைக் கையால் மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

“அடியில என்னமோ புடிக்குது சார். வைப்பர் கைய கழட்டிப் பாத்துருவோம், அஞ்சு நிமிஷ வேல.”

“அதா இருக்காது பாய். எங்கப்பா வாங்குனதுலேர்ந்து அந்தக் கைய ஒருத்தனும் கழட்டுனதில்ல.”

“அதனாலதான் சார் கேக்குறேன்.”

“ச்ச்” என்றார் டென்னிஸ். காதர் பாட்சா ஸ்பேனரைப் பைக்குள் போட்டுவிட்டு, லூர்தம்மாள் கொடுத்த டீயைக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. காதர் பாட்சா அன்றைக்கும் டீ கிளாஸோடு நின்றார். மருதாணி போட்ட கையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஜெனிஷா வந்தாள். டென்னிஸ் ஸ்விட்சைப் போட்டார். நாலு விரல். நடுக்கம். அவ்வளவுதான்.

“பரவால்ல பெரியப்பா” என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தப் ‘பரவால்ல’வை அவரால் தாங்க முடியவில்லை. நாளைக்கு அவள் வேறு வண்டியில் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. எர்த்தை இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்று வாங்கிய மீனை அலசிக்கொண்டிருந்த லூர்தம்மாள், செதில் ஒட்டிய கையும் கத்தியுமாக வெளியே வந்தார்.

“கொஞ்சம் நவுருங்க.”

“நீ என்னத்தப் பாப்ப? அதா இருக்…”

லூர்தம்மாள் வைப்பரின் அடியில் நகத்தை விட்டுத் துழாவினார். நகத்தில் ஏதோ மாட்டியது. கத்தி நுனியை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். பட்டென்று அறுந்தது. இழுக்க இழுக்க இரண்டு முழம் தூண்டில் நரம்பு வந்தது. அதன் கடைசியில் காய்ந்துபோன ஒரு மல்லிகைக் காம்பு.

காதர் பாட்சா கதவைத் திறந்து ஸ்விட்சைப் போட்டார். வைப்பர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது.

டென்னிஸ் நரம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. அந்த முடிச்சைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“எவனோ கட்டிட்டு அப்படியே வுட்டுட்டுப் போயிருக்கான்” என்றார்.

“ஆமாங்க, எவனோதான்” என்றார் லூர்தம்மாள். “முப்பத்தஞ்சு வருஷமா அவனுக்குத்தான் சோறு போடுறேன்.”

ஜெனிஷா வாய்விட்டுச் சிரித்தாள். காதர் பாட்சா டீ கிளாஸுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். டென்னிஸ் நரம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணை லேசாக மூடினார்.

“ச்ச். அது மட்டும் இருக்காது. எர்த்தும் இருந்திருக்கும்.”

மறுநாள் கொட்டுகிற மழையில் பன்னிரண்டாவது மணப்பெண் பியட்டில் கோவிலுக்குப் போனாள். மாலையை இந்தத் தடவை லூர்தம்மாள் வாழைநாரால் கட்டியிருந்தார். வைப்பர் குறையில்லாமல் ஓடியது. ஆனாலும் பாதி வழியில் வண்டி ஊர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூர்தம்மாள் திரும்பிப் பார்த்தார். டென்னிஸ் உள்கண்ணாடியில், முக்காட்டுக்குள் தெரிந்த ஜெனிஷாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கன்னம் நனைந்திருந்தது.

“என்னங்க, புள்ள போறான்னு அழுவுறீங்களா?”

“அதா இருக்காது. சாரல் தெறிச்சிருக்கும்.”

நாலு ஜன்னல் கண்ணாடியும் முழுசாக ஏற்றியிருந்தது.

இவ்வளவு நேரம் உங்கள் மாமனாரையோ மேலதிகாரியையோ மனதில் வைத்துச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். இதை உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, “உங்களப் பத்தித்தான் எழுதியிருக்கு” என்பார். அப்போது உங்கள் வாயிலிருந்து முதலில் வருகிற இரண்டு சொற்களை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.