ஆடி அமாவாசைக்கு மீன் வராத காரணம்

குரோய்டன், லண்டன்.
ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள்.

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணைக்கு,

உங்கள் ஒரே தம்பி சண்முகராசா வணக்கத்துடன் எழுதுவது. நானும் தயாளினியும் சுகம். ரொறன்ரோவில் உங்கள் புது முழங்காலும், அதைச் சுமக்கும் நீங்களும், உங்களைச் சுமக்கும் அண்ணியும் சுகமாயிருக்க நல்லூரான் துணை நிற்கட்டும். வாட்ஸ்அப் இருக்க இவன் ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நெற்றியைச் சுருக்குவது இங்கிருந்தே தெரிகிறது. என் போன் நேற்றிலிருந்து அரிசி வாளிக்குள் கிடக்கிறது. தயாளினியின் போனில் அழைக்கலாம்தான், ஆனால் நீங்கள் எடுத்துவிட்டால் நான் பேச வேண்டி வரும். போன் அரிசிக்குள் போனதும் நீங்கள் கேட்ட வீடியோ வராததும் ஒரே கதை என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஐயா கண்மூடிய நாளிலிருந்து ஆடி அமாவாசைக்கு விரதமிருந்து அவருக்குப் பிண்டம் கரைப்பது நீங்கள்தான். முதலில் கீரிமலையில், பிறகு ரொறன்ரோ ஏரியில். அந்தப் பொறுப்பை என்னிடம் தர உங்களுக்கு மனம் வந்ததே இல்லை, அதில் பிழையும் இல்லை. உங்கள் மகள் அஜந்தாவின் கூறைச் சீலையைப் பத்திரமாகக் கொண்டுவா என்று தந்தபோது அதை மெட்ரோபொலிற்றன் லைன் ரயிலில் இருத்திவிட்டு நான் மட்டும் ஹரோவில் இறங்கி வந்தவன். ஆனால் இந்த வருடம் முழங்கால் ஒப்பரேஷன் உங்களைக் கட்டிலில் போட்டதால் வேறு வழியில்லாமல் என்னை அழைத்தீர்கள். "ஒருக்காலாவது ஒரு வேலையை ஒழுங்காச் செய்து முடி. ஓடுற தண்ணியில போடு. மீன் வந்து சாப்பிடுறதை வீடியோ எடுத்து அனுப்பு, நான் கண்ணால பாக்கவேணும்" என்றீர்கள். அறுபத்து நாலு வயதில் எனக்குக் கிடைத்த முதல் நியமனம் அது. அன்றிரவு எனக்குச் சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.

நேற்றுக் காலை குளித்து, வெறும் வயிற்றோடு, வேட்டியும் ஓடுகிற சப்பாத்துமாக, எள்ளுப் போட்ட சோற்று உருண்டைகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக்கொண்டு ட்ராமில் ஏறினேன். தயாளினி விரதக் கறிக்கென்று கடைகடையாக அலைந்து வாங்கிய காத்தோட்டிக்காயை அடுப்பில் வைத்தபடி, "போனைக் கையில இறுக்கிப் பிடியுங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆற்றங்கரையில் ஒரு பலகை நின்றது. மழையில்லாமல் தண்ணீர் வற்றிச் சூடாகிவிட்டதாம், ட்ரவுட் என்கிற மீன் வருடத்துக்கு வருடம் குறைகிறதாம், ஆகவே மறு அறிவித்தல் வரை யாரும் தூண்டில் போடக்கூடாதாம். நான் அதை நின்று முழுக்க வாசித்தேன். வாசித்துவிட்டு, இது மீன் பிடிக்கிறவனுக்குச் சொன்னது, நான் மீனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன், என்னைக் கண்டால் கும்பிட்டு வரவேற்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பாலத்தடியில் இறங்கினேன். என் மூளை எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரியாததா.

பெட்டியைத் திறந்து ஒரு உருண்டையை ஒரு கையிலும் போனை மறுகையிலும் வைத்துக்கொண்டு மீனைத் தேடினேன். ஒன்றையும் காணவில்லை. நெஞ்சு வரை ரப்பர் காற்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிதான் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தார். பெயர் ஹெலன், இந்த ஆற்று மீன்பிடிச் சங்கத்தின் செயலாளர். பிறகு நடந்தது எல்லாம் இங்கிலீசில். என் இங்கிலீசு உங்களுக்குத் தெரியும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

"பலகையைப் பார்க்கவில்லையா? இங்கே மீன் பிடிக்கக் கூடாது."

"நான் பிடிக்க வரேல்லை. சாப்பாடு போட வந்தனான்."

"இரை போடுகிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். யாருக்காகப் போடுகிறீர்கள்?"

"என்ர அப்பாவுக்காக."

"அவர் எங்கே?"

நான் வழக்கப்படி மேலே கையைக் காட்டினேன். ஹெலனும் மேலே பார்த்தார். பாலத்தில் சாய்ந்து நின்று யாரோ ஒருவர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். "அவரையும் கீழே வரச் சொல்லுங்கள், இரண்டு பேரோடும் பேச வேண்டும்" என்றார்.

ஐயா செத்துப் பல வருடம் என்று விளங்கப்படுத்தியதும் ஹெலன் தொப்பியைக் கழற்றினார். ஆனால் சோற்றுக்கு அனுமதி தரவில்லை. இந்தக் கொஞ்சத் தண்ணீரில் சோறு கிடந்து அழுகினால் தண்ணீரில் மிஞ்சியிருக்கிற காற்றையும் அது இழுத்துவிடுமாம், மீன் மூச்சுமுட்டிச் செத்துப்போகுமாம். ஒரு காலத்தில் இங்கே சால்மனும் ஏறி வந்ததாகப் பழைய ஆட்கள் சொல்வார்களாம். இப்போது ட்ரவுட்டைக் காண்பதே அரிதாம். "மீன் பிடிக்கச் சேர்ந்த சங்கம் இது. இந்த வருடம் நாங்கள் காவல்தான் காக்கிறோம். என் தூண்டில் வீட்டில் தூங்குகிறது" என்று சொல்லிவிட்டு, சத்தம் போடாதே என்று விரலைக் காட்டி, பாலத்து நிழலுக்குள் பார்க்கச் சொன்னார். அங்கே ஒரு மீன் நின்றது. உடம்பில் புள்ளி. அசையவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடியது. அண்ணை, ஐயா கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்கு இழுத்தது நினைவிருக்கிறதா? அதே மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கையில் உருண்டை, வயிற்றில் பசி, காதில் உங்கள் குரல். போட்டால் அது தின்னும், வீடியோவும் கிடைக்கும், வாழ்நாளில் ஒருமுறை உங்களிடம் நல்ல பெயரும் கிடைக்கும். மீன்குழம்பில் தலையை, இப்போது மேலே அவரோடு போய்ச் சேர்ந்துவிட்ட அம்மாவைத் தவிர, ஒருநாளும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் ஐயா. அவர் பெயரைச் சொல்லி அந்த ஒரு மீனையும் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டியை மூடினேன். சரி, மீனையாவது எடுத்து அனுப்புவோம் என்று குனிந்தேன். போன் போய்விட்டது.

ஹெலன் அதை எடுத்துத் தந்தார். சும்மா நிற்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது போலிருக்கிறது, வெட்டிய மரக்கிளைகளை என் தோளில் ஏற்றினார். அவற்றைக் கரையோரம் அடுக்கினால் ஆறு ஒடுங்கித் தண்ணீர் வேகமாக ஓடுமாம், நிழலும் விழுமாம். மதியம் தாண்டும்வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுமந்தேன். புறப்படும்போது ஹெலன் என் போன் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டார். சேறும் தண்ணீருமாக வீட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்துத் தயாளினி, "ஐயாவுக்குக் குடுத்திட்டியளோ, இல்லாட்டி நீங்களே விழுந்திட்டியளோ?" என்று கேட்டாள். பிண்டத்தைக் காகத்துக்கென்று வேலியில் வைத்தேன். காகம் வருவதற்குள் அணில் தின்றுவிட்டது. அந்த வீடியோ தயாளினியின் போனில் இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்பச் சொல்கிறேன்.

ஆகவே அண்ணை, நீங்கள் என்னைப் பற்றி நினைத்தது சரிதான். அடுத்த வருடம் முழங்கால் தேறியதும் பழையபடி உங்கள் ஏரியில் நீங்களே செய்யுங்கள். அங்கே மீனும் தாராளம், புத்தியும் தாராளம். எனக்கு இடுப்பு நிமிரவில்லை. அந்த ஆற்றுப் பக்கம் இனி நான் தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. அஜந்தாவுக்கும் மருமகனுக்கும் என் ஆசி, சீலையின் கதையை மட்டும் கிளற வேண்டாம் என்று சொல்லுங்கள். மெல்ல நடவுங்கள்.

என்றும் உங்கள் சொல் கேட்க முயலும்
தம்பி சண்முகராசா

பி.கு. உறையை ஒட்டிவிட்டதால் இதை அதன் முதுகில் எழுதுகிறேன். இரவு நல்ல மழை. விடிய அரிசிக்குள்ளிருந்து போன் அலறியது, உயிர் வந்துவிட்டது. ஹெலன் ஒரு படம் அனுப்பியிருக்கிறார், உங்கள் வாட்ஸ்அப்புக்கும் போட்டுவிட்டேன். நான் அடுக்கிய கிளைகளின் கீழே அந்த மீன் நிற்கிறது. எனக்கும் ஒரு ரப்பர் காற்சட்டை எடுத்து வைத்திருக்கிறாராம், இதோ ட்ராமுக்கு ஓடுகிறேன். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், ஐயாவின் அமாவாசை இனி என்னுடையது, கேட்டாலும் தரமாட்டேன். அடுத்த ஆடிக்கு அண்ணையும் கிளை சுமக்க வருவார் என்று ஹெலனுக்குச் சொல்லியாயிற்று, உங்கள் சப்பாத்து அளவை அனுப்புங்கள். படத்தை வடிவாகப் பாருங்கள், பக்கத்தில் இன்னொரு மீன் நிற்கிறது. கொஞ்சம் பெரிது, மற்றதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நல்ல நிழலைத் தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அம்மாவைத் தெரிந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.