சம்மதம் கிடைக்காத சிபாரிசு

கணக்கு வாத்தியார் எழுதிய சிபாரிசுக் கடிதம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. மாலை வகுப்பில் படிக்கும் தையற்கடைக்கார அம்மாள், மேற்படிப்புக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கேட்டிருந்தார். விண்ணப்பம் இங்கே அலுவலகத்தில் இருந்தது. கடிதத்தை அதோடு சேர்க்க வேண்டும். மாணவர் சம்மதிக்காமல் அவருடைய சொந்த விஷயம் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது என்று புது விதி வேறு. போதாதா?

முதல் கடிதத்தில், கணவர் இறந்த பிறகும் தளராமல் படித்தார் என்று எழுதினார்.

"அவர் செத்ததைச் சொல்லியா எனக்கு சீட்டு வாங்கணும்?" என்று கேட்டுவிட்டார் அந்த அம்மாள்.

அதை எடுத்துவிட்டு, முட்டிவலியோடு மாடியேறி வந்ததைப் புகழ்ந்தார். என் முட்டியைப் பற்றி ஊருக்கெல்லாம் எதற்கு என்றார். சரி, மதிப்பெண்ணையாவது போடலாமென்றால், அதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டுமாம்.

ஒவ்வொரு தடவையும் வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு நிதானமாகப் படிப்பார். வாத்தியாருக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். ஐம்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. இந்த அம்மாள் போய்விட்டால் சாயங்காலங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடிதம் இழுத்தடித்தால் நல்லதுதான் என்று தோன்றும். உடனே, சீ, நீயெல்லாம் ஒரு வாத்தியாரா என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

கடைசி நாளும் வந்தது. இனியும் இழுத்தால் அவர் படிப்பு பாழ். சம்மதம் கிடைக்காததையெல்லாம் அடித்துப் பார்த்தால் மிஞ்சியது ஒரே வரி. இவர் போய்விட்டால் வகுப்பு வெறிச்சென்று ஆகிவிடும்.

அந்த அம்மாள் அதை இரண்டு தரம் படித்தார்.

"இது என் சொந்த விஷயம் இல்லையே, சார். உங்களோடது."

"எடுத்துடட்டுமா?"

"உங்களுக்குச் சம்மதம்னா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வாத்தியார் பேனாவை எடுத்தார். போகட்டும், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அலுவலகத்துக்கு ஓடினார். கதவைப் பூட்டப்போன குமாஸ்தா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எதோட சேர்க்கிறது, சார்? நீங்க எழுத ஆரம்பிச்ச வாரமே அந்தம்மா விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாங்களே."